கடவுள் உண்டா என்ற கேள்வியை வாதத்துக்குத் தயார் செய்வது எப்படி

திருநெல்வேலிச் சீமையில் ஒருவர் "கடவுள் உண்டா?" என்று கேட்டால், அவர் எதைக் கேட்கிறார் என்பது அந்தக் கேள்வியிலிருந்து மட்டும் விளங்கிவிடாது. நெல்லையப்பர் கோயிலின் தாமிர சபையில் ஆடுபவரைக் கேட்கிறாரா, ஊர்க் கடைசியில் சுண்ணாம்பு பூசிய பீடமாக நிற்கும் சுடலைமாடனைக் கேட்கிறாரா, பாளையங்கோட்டைத் தேவாலயங்களில் பிதா என்று அழைக்கப்படுபவரைக் கேட்கிறாரா, மேலப்பாளையத்துப் பள்ளிவாசல்களில் இணையில்லாதவன் என்று தொழப்படுபவனைக் கேட்கிறாரா, அல்லது அய்யாவழி நிழல்தாங்கலில் கண்ணாடிக்கு முன் நின்று கும்பிடுபவரின் மனத்தில் இருப்பதைக் கேட்கிறாரா? இத்தனைக்கும் ஒரே பெயரைச் சூட்டிவிட்டு உண்டு என்றும் இல்லை என்றும் இரவு முழுக்க வாதாடுபவர்கள் பெரும்பாலும் ஒரே பொருளைப் பற்றி வாதாடுவதே இல்லை.

இதைக் கண்டு சலித்தவர்கள், தெளிவான வரையறை இல்லாதவரை அந்தக் கேள்விக்குப் பொருளே கிடையாது என்று முடித்துவிடுகிறார்கள். எதிர்த்தரப்பிலோ, கடவுளை வரையறுக்க முயல்வதே அகந்தை, உணர்ந்தவருக்கு வரையறை எதற்கு என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். இரண்டுமே வசதியான முடிவுகள். இரண்டிலும் பேச்சு அத்தோடு நின்றுவிடுகிறது. பேசும் இருவரும் ஒன்றையே சுட்டுகிறார்கள் என்று உறுதிசெய்யும் அளவுக்கு ஓர் அடையாளமும், எதைக் கண்டால் தன் சொல்லைத் திரும்பப் பெறுவேன் என்று இரு தரப்பும் முன்கூட்டியே கொடுக்கும் ஓர் ஒப்புதலும் இருந்தால் கேள்விக்குப் பொருள் வந்துவிடும், முழு இலக்கணம், அதாவது முழு வரையறை, கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது என் நிலைப்பாடு. அந்த இரண்டையும் எப்படிப் பெறுவது என்பதையே கீழே சொல்கிறேன்.

எந்தச் சாமி என்று கேட்பது

"கடவுள் என்றால் என்ன என்று வரையறுத்துச் சொல்லுங்கள்" என்று எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் எதிரில் இருப்பவர் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஒரு வாக்கியத்தை ஒப்பிப்பார். எங்கும் நிறைந்தவர், எல்லாம் வல்லவர், எல்லாம் அறிந்தவர் என்று வரும் அந்த வாக்கியத்துக்கும் அவர் வருடந்தோறும் முடியிறக்கும் சாமிக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் இருக்கலாம். வாதம் அந்த வாக்கியத்தின் மேல் நடக்கும். அவருடைய நம்பிக்கையோ வாதம் தொடாத இடத்தில் அப்படியே இருக்கும். தோற்றாலும் அவருக்கு ஒன்றும் குறையாது, வென்றாலும் ஒன்றும் கூடாது.

ஒரு தேநீர்க் கடையில் நடக்கக்கூடிய பேச்சை எடுத்துக்கொள்வோம். கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர், கொடை என்ற ஊர்க்கோயில் திருவிழாதோறும் சாமியாடும் பெரியவர் ஒருவரிடம் கேட்கிறார்.

"கடவுள் உண்டுன்னு நம்புதியளா அண்ணாச்சி?"

"எந்தச் சாமியச் சொல்லுத?"

"இந்த உலகத்தப் படைச்சவரு."

"அது எனக்குத் தெரியாது தம்பி. எங்க சுடலை இருக்காரு. கொடைக்கு வா, காட்டுதேன்."

இந்த நான்கு வரிகளில் பெரியவர் செய்திருக்கும் வேலை மிகவும் நுட்பமானது. உலகைப் படைத்தவர் உண்டா என்ற கேள்வியில் அவர் தரப்பு எடுக்கவில்லை. அதற்குத் தன்னிடம் விடை இல்லை என்று ஒதுங்கிக்கொள்கிறார். அதே நேரத்தில் சுடலை உண்டு என்ற கூற்றை, எங்கே போய் எப்போது பார்க்கலாம் என்பது உட்பட, சோதனைக்கு உரியதாகவே முன்வைக்கிறார். மகுடம் என்ற பறை முழங்கக் கணியான் என்ற பாடகர் பாடும்போது, மஞ்சணையும் மாலையுமாக அலங்கரித்த பீடத்தின் முன்னால் சாமிகொண்டாடி ஆடத் தொடங்கும் அந்த நள்ளிரவில் அங்கே வந்திருப்பது யார் என்பதே அவர் பேசத் தயாராக உள்ள கேள்வி. இளைஞர் அந்த அழைப்பை ஏற்று, ஆடுபவர் உடலில் நிகழ்வதை எப்படி விளக்குவது என்று பேசத் தொடங்கினால் அது பொருளுள்ள வாதமாக இருக்கும். பெருவெடிப்புக் கொள்கையைக் கொண்டுவந்தால் அது அண்ணாச்சியின் காதுக்கே எட்டாது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இப்படி அமையலாம்: "எது இல்லை என்று தெரியவந்தால் உங்கள் வழிபாடு உங்களுக்கு வெறுமையாகிவிடும்?" பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு வண்டி பிடித்துச் சாஸ்தா கோயிலுக்குப் போகும் ஒருவர், நம் பாட்டன் பூட்டன் வந்த இடத்துக்கு நாமும் வருகிறோம் என்ற தொடர்ச்சிதான் தனக்கு முக்கியம் என்று சொல்லக்கூடும். அவர் கூற்றில் மறுப்பதற்கு எதுவும் இல்லை. ஜெபத்தைக் கேட்டுப் பதில் தருகிற ஒருவர் இல்லையென்றால் எனக்கு எல்லாம் போச்சு என்று இன்னொருவர் சொன்னால், அங்கே ஒரு திட்டவட்டமான கூற்று இருக்கிறது; வாதத்தை அங்கிருந்து தொடங்கலாம். இடையில் ஒரு எச்சரிக்கை: சொல்லைப் பிரித்து அதிலிருந்து பொருள் காட்டும் வித்தையை இரு தரப்பும் விட்டுவிட வேண்டும். ஒரு சொல் எப்படிப் பிறந்தது என்பது அந்தச் சொல் சுட்டும் பொருள் இருக்கிறதா என்பதற்குச் சாட்சி ஆகாது.

சொன்ன இலக்கணத்தை உரசிப் பார்ப்பது

அடையாளமாக ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சோதிப்பதற்கு வெளியூரிலிருந்து கருவி தருவிக்க வேண்டியதில்லை. பாபநாசத்துக்கு அருகே விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து, திருவாவடுதுறை ஆதீனத்தில் வாழ்ந்து, 1785-இல் மறைந்த சிவஞான முனிவர், சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞான போதத்துக்குப் பேருரை எழுதியதோடு, தருக்க சங்கிரகம் என்ற வடமொழி அளவை நூலையும் தமிழில் தந்தார். இலக்கணத்துக்கு வரக்கூடிய மூன்று குற்றங்களை அந்த மரபு மாட்டை வைத்து விளக்குகிறது. கபில நிறமுடையது மாடு என்றால் வெள்ளை மாடு விடுபட்டுப்போகிறது, இது அவ்வியாத்தி. கொம்புடையது மாடு என்றால் எருமையும் உள்ளே வந்துவிடுகிறது, இது அதிவியாத்தி. ஒற்றைக் குளம்புடையது மாடு என்றால் எந்த மாட்டுக்கும் பொருந்தவில்லை, இது அசம்பவம்.

இதே மூன்றையும் கடவுளைப் பற்றிய வாக்கியங்களின் மேல் வைத்துப் பாருங்கள். "உலகைப் படைத்தவரே கடவுள்" என்ற வாக்கியம் நம் சீமையில் கும்பிடப்படும் பாதிப் பேரை வெளியே தள்ளிவிடுகிறது. சுடலைமாடன் கதையில் அவர் விளக்குச் சுடரிலிருந்து பிறந்த பிள்ளை. உலகம் அவருக்கு முன்பே இருந்தது. இசக்கியும் பேச்சியும் உலகைப் படைத்ததாக யாரும் வில்லுப்பாட்டில் பாடுவதில்லை. கழுகுமலைப் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும் தீர்த்தங்கரர்களைத் தொழுத சமணர்களோ, உலகுக்குப் படைப்பாளி ஒருவர் வேண்டியதே இல்லை என்று வாதாடியவர்கள். ஆனாலும் அவர்களுக்குத் தொழுகைக்குரிய ஒருவர் இருந்தார். அந்த வாக்கியத்தின்படி சமணர் நாத்திகர் ஆகிறார்; அவருடைய வழிபாட்டை நேரில் பார்க்கும் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

"நம்மை மீறிய ஒரு சக்தி" என்ற வாக்கியம் இன்று நிறையப் பேர் வாயில் வருகிறது, குறிப்பாக வாதத்தில் மாட்டிக்கொள்ள விரும்பாத படித்தவர்களின் வாயில். புவியீர்ப்பும் நம்மை மீறிய சக்திதான். வட்டிக்கு வாங்கிய கடனும் அப்படித்தான். எதையும் உள்ளே விடும் வாக்கியத்தை மறுக்கவும் முடியாது, அதை நம்புவதில் பெருமை கொள்ளவும் முடியாது. இந்த வாக்கியத்தைச் சொல்பவரிடம், அந்தச் சக்திக்கு அறிவு உண்டா, உங்களை அதற்குத் தெரியுமா என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். உண்டு என்றால் அவர் முன்பு சொன்னதைவிட மிகப் பெரிய கூற்று ஒன்றைத் தாங்கி நிற்கிறார். இல்லை என்றால் அவருக்கும் நாத்திகருக்கும் இடையே பெயர் வேறுபாட்டைத் தவிர அதிகமாக ஒன்றும் இல்லை.

மூன்றாவது குற்றம் வேறு வகை. தன்னால் தூக்க முடியாத கல்லைக் கடவுளால் படைக்க முடியுமா என்ற பழைய புதிர், "எல்லாம் வல்லவர்" என்ற சொற்றொடர் தனக்குள்ளேயே முரண்படுகிறது என்று காட்ட முயல்கிறது. முரண்பாடான ஒன்றைச் செய்வது வல்லமையின் கணக்கில் சேராது என்று கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் 13-ஆம் நூற்றாண்டிலேயே விடை சொல்லிவிட்டார். அந்த விடை எனக்கும் போதுமானதாகத் தெரிகிறது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு வாக்கியம் உண்மையிலேயே தனக்குள் முரண்பட்டால், அது சுட்டும் பொருளைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை, அந்த இடத்தில் மட்டும் வரையறையே வாதத்தை முடித்துவைக்கும்.

அடையாளத்தோடு நிறுத்திக்கொள்வது

வரையறை கேட்பவர்கள் மிகவும் சறுக்கும் இடம் இதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சைவ சித்தாந்த நூல்கள் இலக்கணத்தைத் தடத்த இலக்கணம் என்றும் சொரூப இலக்கணம் என்றும் இரண்டாகப் பிரிக்கின்றன. ஒரு பொருள் பிறவற்றோடு கொண்ட தொடர்பால் அதை அடையாளம் காட்டுவது முதலாவது. அந்தப் பொருளின் சொந்த இயல்பைச் சொல்வது இரண்டாவது. காகம் உட்கார்ந்திருக்கிறதே, அதுதான் தேவதத்தன் வீடு என்று வழிகாட்டுவதைப் பழைய ஆசிரியர்கள் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். காகத்துக்கும் வீட்டின் இயல்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை, அடுத்த நொடி அது பறந்தும் போகலாம்; ஆனாலும் கேட்டவர் சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

வாதத்துக்கு வேண்டியது இந்தக் காகம் மட்டுமே. உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதால் அதை ஒடுக்குபவர் ஒருவர் உண்டு என்று சிவஞான போதத்தின் முதல் சூத்திரம் வாதிடும்போது, அந்த ஒருவரின் இயல்பு என்ன என்பதை அது அங்கேயே சொல்லி முடிப்பதில்லை. உலகத்தோடு அவருக்குள்ள தொடர்பை வைத்துச் சுட்டுவதோடு நிறுத்திக்கொண்டு, இயல்பைப் பற்றிய பேச்சைப் பின்னால் வரும் சூத்திரங்களுக்கு விட்டுவிடுகிறது. அந்த வாதத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். ஆனால் "இயல்பை முழுதாகச் சொல்லாதவரை உங்கள் வாக்கியமே பொருளற்றது" என்று ஒருவர் அதைத் தள்ளிவிட முடியாது. எது மறுக்கப்படுகிறது என்பது தெளிவாகத் தெரிகிறதல்லவா?

எனவே அடையாளம் கிடைத்த பிறகும் மேலும் மேலும் வரையறை கேட்டுக்கொண்டே போகும் நண்பரை எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் தந்த அடையாளத்தை வைத்து, கடவுள் உண்டு என்பது உண்மையானால் உலகம் எப்படி இருக்கும், பொய்யானால் எப்படி இருக்கும் என்ற வேறுபாட்டை அவரால் சொல்ல முடிந்தால், அவருக்குப் போதிய வரையறை கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகும் கேட்பவர் வாதத்தைத் தள்ளிப்போடுகிறார் என்று கருதலாம்.

‘உண்டு’ என்பதையும் நிறுத்திக் கேட்பது

கடவுள் என்ற சொல்லை மட்டும் விசாரித்துவிட்டு, உண்டு என்ற சொல்லைச் சும்மா விட்டுவிடுவது பலரும் செய்யும் குறை. பாறை உண்டு, ஏழு என்ற எண் உண்டு, வாக்குறுதி உண்டு என்று நாம் சொல்லும்போது ஒரே வகையான இருப்பைச் சொல்வதில்லை. தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில் பிறந்தது. அதற்கு முந்தைய மாதமும் குற்றாலத்து அருவியும் செங்கோட்டை வயலும் அங்கேயேதான் இருந்தன. மாவட்டம் மட்டும் இல்லை. அரசாணையாலும் மக்களின் ஒப்புதலாலும் உண்டான அந்த மாவட்டத்தைக் கற்பனை என்று யாரும் சொல்ல முடியாது. ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தால் வேலை நடக்கிறது. கடவுள் இந்த வகையில்தான் உண்டு, அதாவது ஒரு சமூகம் கூடி நிறுத்தியிருப்பதால் உண்டு என்று ஒருவர் சொன்னால், அதற்குக் கடுமையான நாத்திகர்கூட மறுப்புச் சொல்ல மாட்டார். நம்புகிறவர்தான் மறுப்பார், ஏனென்றால் மனிதர்கள் எல்லோரும் மறைந்த பிறகும் இருப்பவரையே அவர் கும்பிடுகிறார். "மனிதர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் அவர் இருப்பாரா?" என்ற கேள்வி இந்த இரண்டு இருப்புகளையும் சட்டென்று பிரித்துக் காட்டிவிடும்.

இந்த இடத்தில் ஆழ்வார்திருநகரியில் அவதரித்த நம்மாழ்வாரைத் தாண்டிப் போக முடியாது. இன்று தூத்துக்குடி மாவட்டத்துக்குள் இருந்தாலும் பழைய நெல்லைச் சீமையைச் சேர்ந்த ஊர் அது. தாமிரபரணி அதற்கும் தாய்தான். அவர் பாடிய திருவாய்மொழியின் முதல் பதிகத்தில், "உளன் எனில் உளன்" என்று தொடங்கும் ஒன்பதாம் பாசுரம், உண்டு என்றால் இந்த உருவங்கள் எல்லாம் அவன் உருவம், இல்லை என்றால் இந்த அருவங்கள் எல்லாம் அவன் அருவம், இரண்டு நிலையிலும் ஒழியாமல் அவன் பரந்திருக்கிறான் என்கிறது. முதன்முறை படிப்பவருக்கு இது பூவா தலையா போட்டு, எது விழுந்தாலும் நானே வென்றேன் என்று சொல்வதுபோல் படும். உண்டு என்றாலும் உண்டு, இல்லை என்றாலும் உண்டு என்றால், அப்படிப்பட்ட கூற்றை எதை வைத்துச் சோதிப்பது?

உரையாசிரியர்கள் இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் போகவில்லை. எல்லாம் சூனியம் என்பவரோடு நடக்கும் வாதமாக அவர்கள் இந்தப் பாசுரத்தை விரிக்கிறார்கள். இல்லை என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதே அந்த வாதத்தின் மையம். குடம் இல்லை என்று நாம் சொல்லும்போது, இங்கே இல்லை, இப்போது இல்லை, குடமாக இல்லாமல் ஓடாக இருக்கிறது என்று ஏதோ ஒரு நிலையைத்தான் சொல்கிறோம். எந்த இடமும் எந்தக் காலமும் எந்த நிலையும் சாராத வெறும் இன்மையை யாரும் அனுபவத்தில் சந்தித்ததில்லை. ஆகவே எதிரி கையாளும் இல்லை என்ற சொல்லும் ஏதோ ஓர் இருப்பையே குறிக்க வேண்டியிருக்கிறது என்று அந்த வாதம் நகர்கிறது. இதை நான் முழுதும் ஏற்கவில்லை. முயலுக்குக் கொம்பு இல்லை என்பதில் முயலின் தலை வேறொரு நிலையில் இருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். கொம்புக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. ஆனால் அந்த உரை வாதத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பது பாராட்டத் தக்கது: எதிரி தன்னுடைய "இல்லை"க்கு இலக்கணம் சொல்லாமல் நகர முடியாதபடி செய்துவிடுகிறது.

சிவஞான போதத்தின் ஆறாம் சூத்திரம் இதே சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. சாதாரண அறிவால் அறியப்படும் பொருள் எல்லாம் மாறி அழியும், அதனால் அது அசத்து, அதாவது நிலையற்றது; எவ்வகையிலும் அறியப்படாதது என்றால் அது வெறும் இன்மை; சிவம் இந்த இரண்டும் அல்லாத சத்து, அதாவது நிலையான உள்பொருள் என்று அது நிலைநாட்டுகிறது. வரையறைக்குள் அடங்கினால் அது கடவுள் ஆகாது, வரையறைக்கு முற்றிலும் அப்பாற்பட்டால் அதைப் பற்றிப் பேசவே முடியாது என்ற இக்கட்டு, நம் காலத்து மெய்யியலாளர்கள் கண்டுபிடித்தது இல்லை என்பதற்கு இந்தச் சூத்திரம் சாட்சி. இந்த வழியில் பேசுகிறவரைச் சந்தித்தால், "சாதாரண அறிவால் அறியப்படாது, ஆனால் வேறு வகையில் அறியப்படும் என்கிறீர்கள்; அந்த வேறு வகை எனக்கும் திறந்திருக்கிறதா, அதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். சித்தாந்திக்கு அதற்கு நீண்ட விடை உண்டு. திருவருளும் குருவும் சாதனையும் அதில் வரும். அந்த விடை உங்களுக்கு ஏற்புடையதாக இல்லாமல் போகலாம், ஆனால் அது விடைதான்.

எதைக் கண்டால் விலக்கிக்கொள்வீர்கள்

பொருளற்ற கேள்வி என்ற குற்றச்சாட்டை மிகக் கூர்மையாக வைத்தவர் ஆங்கிலேய மெய்யியலாளர் ஏ.ஜே. ஏயர். 1936-இல் வெளிவந்த நூலில், அனுபவத்தால் சோதிக்க எந்த வழியும் இல்லாத கூற்று, அது கணிதம்போலச் சொற்பொருளாலேயே மெய்யாவதாகவும் இல்லாவிட்டால், பொருளற்றது என்றார். கடவுள் உண்டு என்பதை மட்டும் அவர் தள்ளவில்லை; இல்லை என்பதையும், தெரியாது என்பதையும் சேர்த்தே தள்ளினார், ஏனென்றால் பொருளற்ற வாக்கியத்தை மறுத்தாலும் பொருள் வராது. நம்மூர் நாத்திகர்கள் ஏயரைத் துணைக்கு அழைக்கும்போது இந்தப் பின்பாதியைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். அதோடு, ஏயரின் அளவுகோலை அந்த அளவுகோலாலேயே சோதிக்க முடியவில்லை என்ற மறுப்பும் விரைவில் எழுந்தது. அதை அவராலும் அவருக்குப் பின் வந்தவர்களாலும் திருப்தியாகச் சரிசெய்ய முடியவில்லை.

அவருக்குப் பின்னால் 1950-இல் ஆண்டனி ஃப்ளூ வைத்த சவாலே நடைமுறைக்கு அதிகம் உதவுகிறது. காட்டுக்குள் ஒரு வெட்டவெளியில் பூச்செடிகளைக் காணும் இருவரில் ஒருவர், இதைப் பராமரிக்கும் தோட்டக்காரர் உண்டு என்கிறார். காவல் இருந்து பார்க்கிறார்கள், மின்வேலி போடுகிறார்கள், மோப்ப நாய் வைக்கிறார்கள், யாரும் சிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாதவர், தொட முடியாதவர், மணமற்றவர் என்று முதலாமவர் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துக்கொண்டே போக, அப்படிப்பட்ட தோட்டக்காரருக்கும் தோட்டக்காரரே இல்லாததற்கும் என்ன வேறுபாடு என்று மற்றவர் கேட்கிறார். ஃப்ளூவே முதுமையில், 2004-இல், உலகின் ஒழுங்குக்குக் காரணமான ஓர் அறிவு உண்டு என்று தன் நிலையை மாற்றிக்கொண்டார். ஆனால் அது ஜெபம் கேட்கும் கடவுள் இல்லை, மறுமை தரும் கடவுளும் இல்லை என்றும் சேர்த்தே சொன்னார். எந்தக் கடவுள் என்ற கேள்வியைக் கேட்காமல் அவரைத் தங்கள் பக்கம் வந்துவிட்டதாகக் கொண்டாடியவர்களும் உண்டு, துரோகி என்று திட்டியவர்களும் உண்டு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. தாமிரபரணி நெல்லை நகருக்குள் ஏறியது. அந்த வாரத்தில், கடவுள் இருந்தால் இப்படி நடக்குமா என்று கேட்காத தெரு இல்லை. அந்தக் கேள்வி யாரை மறுக்கிறது என்று பாருங்கள். எல்லாம் வல்லவரும் எல்லோர் மேலும் அன்புள்ளவரும் ஆன ஒருவரை அது நேராகத் தாக்குகிறது. அவரை நம்புகிறவர் விடை சொல்லக் கடமைப்பட்டவர். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலுக்கோ வெள்ளம் புதிதில்லை. தண்ணீர் ஏறும்போது உற்சவரை மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்வதும், வடிந்த பிறகு சேற்றை அள்ளிவிட்டுப் பூசையைத் தொடர்வதும் அங்கே வழக்கம். அந்தப் பக்தரிடம் போய், கோயிலே முழுகிவிட்டதே, இப்போதாவது விலக்கிக்கொள்வீர்களா என்று கேட்டால் அவர் உங்களை விசித்திரமாகப் பார்ப்பார். அவர் கூற்றில் வெள்ளம் வராது என்ற வாக்குறுதி எப்போதும் இருந்ததில்லை. அதனால் அவர் கூற்று பொருளற்றது என்றும் ஆகிவிடாது. அவர் எதற்கு வாக்களித்திருக்கிறார் என்பதைத் தேடிக் கண்டுபிடித்து அங்கே கேட்க வேண்டும்.

மறுப்பவரிடமும் இதே கேள்வியைக் கேட்க மறக்காதீர்கள். பெரியாரின் சிலைப் பீடங்களில் பொறித்திருக்கும் "கடவுள் இல்லை" என்ற வாசகம், சாதியைக் காப்பதற்குத் துணைநின்ற புராணக் கடவுளையும் அந்தக் கடவுளின் பெயரால் நடந்த ஆதிக்கத்தையும் நோக்கி வீசப்பட்டது என்பது அவர் எழுத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். மெய்யியலாளர் ஸ்பினோசா 1677-இல் வெளிவந்த தன் நூலில், வரையறைகளை முன்வைத்து நிறுவிய, இயற்கையிலிருந்து வேறாகாத கடவுளை அந்த வாசகம் தொடவே இல்லை. நியூயார்க்கைச் சேர்ந்த யூத மதகுரு ஒருவர் 1929-இல் ஐன்ஸ்டைனுக்குத் தந்தியடித்துக் கடவுளை நம்புகிறீர்களா என்று கேட்டபோது, ஸ்பினோசாவின் கடவுளை நம்புகிறேன், மனிதரின் விதியிலும் செயலிலும் தலையிடும் கடவுளை நம்பவில்லை என்று அவர் பதில் அனுப்பினார். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் அவர் பதில் அனுப்பியிருந்தால், இரு தரப்பும் அவரைத் தவறாகவே புரிந்துகொண்டிருக்கும்.

வாதத்தின் நடுவே அடையாளம் நழுவினால்

தொடக்கத்தில் ஒப்புக்கொண்ட அடையாளம் வாதத்தின் நடுவே வேறாக மாறிவிடுவது சாதாரணமாக நடக்கும். அதில் எப்போதும் சூது இருக்கும் என்று எண்ண வேண்டாம். எல்லாவற்றுக்கும் ஒரு முதற்காரணம் வேண்டும் என்று தொடங்குகிறவர், அது ஒப்புக்கொள்ளப்பட்டவுடன், ஆகையால் வியாழக்கிழமை விரதம் இருங்கள் என்று முடிப்பார். முதற்காரணத்துக்கும் வியாழக்கிழமைக்கும் நடுவே, அந்தக் காரணத்துக்கு அறிவு உண்டு, அது ஒன்றே ஒன்று, அது மனிதரைக் கவனிக்கிறது, விரதத்தை விரும்புகிறது என்று நான்கு கூற்றுகளாவது நிறுவப்படாமல் கிடக்கின்றன. மறுப்பவரும் இதையே எதிர்த்திசையில் செய்கிறார்: ஒரு சாமியாரின் மோசடி அம்பலமானதைச் சொல்லிவிட்டு, ஆகவே முதற்காரணம் இல்லை என்று முடிக்கிறார்.

இதற்கு எளிய வழி, இருவரும் ஒப்புக்கொண்ட அடையாளத்தை ஒரு தாளில் எழுதி நடுவில் வைத்துக்கொள்வதே. பேச்சு விலகும்போது தாளைக் காட்டி, இது தாளில் உள்ளவரைப் பற்றியதா, வேறொருவரைப் பற்றியதா என்று கேட்டால் போதும். வேறொருவர் என்றால் அவருக்கு இன்னொரு தாள் எடுத்துக்கொள்ளலாம், தாள் மலிவு. துக்க வீட்டிலும், கொடை நடக்கும் இரவிலும், தேர் நிலைக்கு வராமல் வடம் பிடித்து நிற்கும்போதும் இந்தத் தாளை எடுக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடையாளமும் விலகல் நிபந்தனையும் எழுதி முடித்த பிறகு, எதைச் சான்றாக ஏற்பது என்பதை மட்டும் பேசிக்கொள்ளுங்கள். நம் அளவை நூல்கள் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை என்று மூன்றை முதன்மையாகச் சொல்கின்றன. இவற்றில் உரை, அதாவது வேதமோ ஆகமமோ விவிலியமோ குர்ஆனோ, ஒருவருக்குச் சான்றாகவும் மற்றவருக்கு வெறும் நூலாகவும் இருக்கும் என்பதால், இருவருக்கும் பொதுவான நூல் இல்லையென்றால் முதல் இரண்டை வைத்தே வாதிடுவது என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஒப்புதலுக்கு ஒருவர் வரவில்லையென்றால் அன்றைக்கு வாதத்தைத் தொடங்க வேண்டாம். அவர் எதை நம்புகிறார் என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு வரலாம்.